6 மிச்செலின் நட்சத்திரங்களை முதலில் வென்றவர் யார்? பண்ணை வேலையில் தொடங்கிய யூஜெனி பிராசியே கதை

1998-ல் பிரெஞ்சு சமையல் கலைஞர் அலன் துகாஸ் ஒரே நேரத்தில் 6 மிச்செலின் நட்சத்திரங்களைக் கையில் வைத்திருந்தார். இப்படிச் சாதித்த முதல் ஆள் இவர்தான் என்று பலரும் எழுதினார்கள். ஆனால் அது சரியில்லை. 65 வருடங்களுக்கு முன்பே, 1933-ல், ஒரு பெண் அதைச் செய்து முடித்திருந்தார். அவர் பெயர் யூஜெனி பிராசியே.

யார் இவர்?

1895 ஜூன் 12-ல், கிழக்கு பிரான்ஸில் பூர்-கான்-பிரெஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 10 வயதில் அம்மா இறந்துபோனார். அதன்பிறகு ஊரார் பண்ணைகளில் கூலி வேலை. பண்ணையில் வேலை குறைவாக இருக்கும் குளிர்காலத்தில் மட்டும்தான் பள்ளிக்கூடம்.

19 வயதில், திருமணம் ஆகாமலேயே தாயானார். அப்பா வீட்டைவிட்டே அனுப்பிவிட்டார். மகன் காஸ்தோனை வேறொருவர் பராமரிப்பில் விட்டுவிட்டு, பிழைப்புக்காக லியோன் நகரத்துக்கு வந்தார். அங்கே ஒரு வசதியான வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சமையலறைக்குள் நுழைந்தார்.

லியோனில் என்ன விசேஷம்?

பாரிஸுக்கு பிஸ்ட்ரோ என்றால், லியோனுக்கு 'பூஷோன்'. சின்ன இடம், நெருக்கமான மேசைகள், வீட்டுச் சமையல். பணக்கார வீடுகளில் சமைத்த பெண்கள் பலர் வெளியே வந்து சொந்தமாகக் கடை போட்டார்கள். மக்கள் அவர்களை 'மேர்', அதாவது அம்மா என்று அழைத்தார்கள். அப்படிப்பட்ட ஒருவரான மேர் ஃபியூவிடம்தான் பிராசியே தொழில் கற்றார்.

சொந்தக் கடை

1921-ல் ரூ ரொயால் தெருவில், முன்பு மளிகைக் கடையாக இருந்த இடத்தில் தன் உணவகத்தைத் திறந்தார். மெனு ரொம்ப சின்னது. அதில் பேர் வாங்கியது ஒரு கோழி உணவு. பிரெஸ் பகுதிக் கோழியின் தோலுக்கு அடியில் கறுப்பு ட்ரஃபிள் காளான் துண்டுகளைச் செருகி வேகவைப்பார்கள். வெள்ளைத் தோலுக்குள் கறுப்பு தெரிவதால் அதற்கு 'அரைத் துக்கம்' என்று பெயர்!

லியோன் மேயர் எதுவார் எரியோ அங்கே வழக்கமான வாடிக்கையாளர். பிராசியேவின் ஃபார்முலா ஒன்றுதான்: பொருள் முதல் தரமாக இருக்கணும், சமையலறை சுத்தமாக இருக்கணும். இந்த இரண்டிலும் சமரசமே கிடையாது.

6 நட்சத்திரம் எப்படி?

பிறகு, நகருக்கு வெளியே லா லுவேர் கணவாயில் ஒரு மர வீட்டில் இரண்டாவது உணவகம் தொடங்கினார். அங்கே ஆரம்பத்தில் கேஸ், மின்சாரம் எதுவும் இல்லை. டயர் கம்பெனியான மிச்செலின், கார் ஓட்டுபவர்களுக்காக வெளியிட்ட கையேட்டில் 3 நட்சத்திரம்தான் உச்சம். அந்த உணவுக்காகவே தனியாகப் பயணம் போகலாம் என்று அதற்கு அர்த்தம். 1933-ல் பிராசியேவின் இரண்டு உணவகங்களுக்கும் 3 நட்சத்திரம் கிடைத்தது. மொத்தம் 6!

ஏன் மறந்துபோனோம்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவரிடம் வேலை பழகிய இளைஞர்களில் ஒருவர் பால் பொக்யூஸ். சமையல் மட்டுமில்லை, மாட்டில் பால் கறப்பதும் அங்கே அவருடைய வேலைதான். பின்னாளில் பொக்யூஸ் உலகப் புகழ் பெற்றார். 'ஷெஃப்' என்றாலே ஆண் முகம்தான் என்றானது. வீட்டில் பெண் சமைத்தால் கடமை, உணவகத்தில் ஆண் சமைத்தால் கலை என்ற பார்வையில் பிராசியே போன்றவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள்.

1977 மார்ச் 2-ல் அவர் காலமானார். 2018-ல் அவருடைய பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல் வெளியிட்டது. ரூ ரொயாலில் அவர் தொடங்கிய உணவகம், கை மாறினாலும், இன்றும் 'லா மேர் பிராசியே' என்ற பெயரில்தான் நடக்கிறது.