கரும்பு தந்த பாடம்

அப்பன் பால் வெட்டினா மகனும் பால்தான் வெட்டுவான், அது பிறவிக் குணம் என்று தோட்டத்தில் சிலர் பேசுவதுண்டு. பிறவிக் குணம் எது, சூழ்நிலையால் வருவது எது? கரும்பு விஞ்ஞானி சர் டி. எஸ். வெங்கட்ராமனின் வாழ்க்கை இதற்கு விடை சொல்லும்.

1884-ஆம் ஆண்டில் பிறந்த இவர், 1912-இல் கோயமுத்தூரில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர் துரையின் கீழ்ப் பணியாற்றினார். தென்னாட்டுத் தடிக்கரும்பு நல்ல இனிப்பு. ஆனால் பஞ்சாபின் பனியிலும் வறட்சியிலும் மெலிந்துவிடும். அந்த மெலிவு இடத்தால் வந்தது. அதன் கரணையை நல்ல மண்ணில் நட்டால் மறுபடியும் தடிக்கும். ஆனால் எத்தனை வருஷம் பனியில் கிடந்தாலும் பனியைத் தாங்கும் குணம் அதற்கு வராது. அந்தக் குணம் பேய்க்கரும்பு என்னும் நாணலுக்குப் பிறவியிலேயே உண்டு.

ஆகவே வெள்ளை என்ற கரும்பையும் பேய்க்கரும்பையும் இணைத்து, கோ 205 என்ற புது ரகத்தை உண்டாக்கினார்கள். 1918-இல் வெளிவந்த அது பஞ்சாப் வயல்களில் செழித்தது. பார்பருக்குப்பின் நிலையத்தின் தலைமையை ஏற்ற வெங்கட்ராமன், 1963-இல் காலமானார்.

பெற்றோர்களே! கண்ணின் நிறம், முடியின் சுருள் இவை பிறவியில் வருபவை. பால் வெட்டுவது கைப்பழக்கம், ரத்தத்தில் வருவதல்ல. எழுத்தும் கணக்கும் அப்படித்தான். இன்று பரிசு வாங்காத பிள்ளையின் விதையைக் குறை சொல்லாதீர்கள், மண்ணைக் கவனியுங்கள். தினமும் ராத்திரி படிக்க ஓர் இடமும் ஒரு மணி நேரமும் கொடுங்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம்!