யெவ்கெனி ஸம்யாதின்

வருங்காலத்தைப் பொன்னுலகமாகக் கற்பித்து நூலியற்றினோர் பலர். அது கொடுங்காலமாதலுங் கூடுமென எச்சரித்தோர் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் யெவ்கெனி ஸம்யாதின் என்னும் ருஷிய ஆசிரியர். அன்னாரது சரிதையை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1884-ஆம் ஆண்டில் ருஷியாவிலுள்ள லெபெத்யான் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் திருச்சபைக் குருவும் பள்ளியாசிரியருமாவார். தாயார் இசை வல்லவர். ஸம்யாதின் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக் கலாசாலையிற் கப்பற் கட்டுங் கலையைக் கற்றார். மாணாக்கராயிருந்தபொழுதே ஸார் மன்னரது ஆட்சியை வெறுத்துப் போல்ஷெவிக் கட்சியிற் சேர்ந்து, 1905-ஆம் ஆண்டுப் புரட்சியிற் பிடிபட்டுச் சில மாதங்கள் தனிச்சிறையில் வருந்தினார்.

1916-இல் இங்கிலாந்திலுள்ள நியூகாசில் நகரத்துக்கு அனுப்பப்பெற்று, ருஷியாவுக்கெனக் கட்டப்பட்ட பனிக்கட்டி பிளக்குங் கப்பல்களை மேற்பார்த்தார். அந்நாட்டை வைத்து எழுதிய ஒரு கதையில், வாழ்க்கை முழுவதையுங் கால அட்டவணைக்குள் அடக்க விரும்பும் ஒரு குருவை நகைத்தார். பின்னர்த் தோன்றிய பெருநூலுக்கு வித்து அதுவே எனலாம்.

1917-இல் தாயகந் திரும்பினார். தாம் விரும்பிய புரட்சி வென்றது. ஆயினும் மாறுபட்ட கருத்துடையோரின் வாய் அடைபடுதலைக் கண்டார். 1920, 1921 ஆகிய ஆண்டுகளில் ‘நாம்’ என்னும் நவீனத்தை எழுதினார். அதிற் கூறப்படும் நாட்டில் மக்களுக்குப் பெயரில்லை, எண்களே உண்டு. வீடுகள் யாவுங் கண்ணாடியாலாயவை. உண்ணலும் உறங்கலும் ஒரே மணியில் நடக்கும். கதை சொல்லுவோன் ஒரு பொறியியலறிஞன்; அவ்வாழ்வைச் சிறையென்றல்ல, இன்பமென்றே எண்ணுகின்றான். ஐயம் அவனுள்ளே முளைத்தபொழுது அதனை நோயெனக் கருதி அஞ்சுகின்றான். முடிவிற் கற்பனைச் சக்தியை அகற்றுஞ் சிகிச்சைக்கு உட்பட்டு, தான் காதலித்தவள் வதைபடுதலைச் சலனமின்றிப் பார்த்திருக்கின்றான்.

இந்நூல் சொந்த நாட்டில் அச்சேறவில்லை. 1922-இல் புதிய அரசினர் இவரைக் கைது செய்து, பண்டு ஸார் அரசினர் அடைத்த அதே சிறையின் அதே நடைக்கூடத்தில் அடைத்தனர். 1924-இல் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு நியூயார்க்கில் வெளிவந்தது. 1929-இல் பத்திரிகைகள் இவர்மீது பெரும் பழி சுமத்தின, நாடகங்கள் நிறுத்தப்பட்டன, பதிப்பகங்கள் கதவடைத்தன. பிழையை ஒப்புக்கொண்டு எழுதினால் பிழைத்திருக்கலாமாயினும், ஸம்யாதின் அதற்கு இசையாது எழுத்தாளர் சங்கத்தினின்றும் விலகினார். 1931-இல் ஸ்டாலினுக்கே கடிதம் வரைந்து, எழுதவொண்ணாமை தமக்கு மரணதண்டனையை ஒக்குமென்று கூறி, வெளிநாடு செல்ல விடை வேண்டினார். மாக்ஸிம் கார்க்கி துணைநின்றமையால் விடை கிடைத்தது. பாரிஸ் நகரத்தில் வறுமையுற்று வாழ்ந்து, 1937-இல் இதயநோயால் இறந்தார்.

ஜார்ஜ் ஆர்வெல் இந்நூலைப் பயின்று 1946-இல் மதிப்புரை எழுதினார். 1949-இல் அவருடைய ‘1984’ வெளிவந்தது. ருஷிய நாட்டிலோ, ஆசிரியர் மறைந்து ஐம்பதாண்டு கழிந்தபின், 1988-இலேதான் ‘நாம்’ அச்சாயிற்று.

நூறாண்டு கடந்த இந்நூலை இன்று நாம் ஏன் பயிலல் வேண்டும்? கண்ணாடிச் சுவரை எழுப்ப இக்காலத்தில் எப்பொழுதுங் கொடுங்கோலன் வேண்டுவதில்லை. உண்ட உணவையும் சென்ற இடத்தையும் நினைத்த நினைவையுங் கைபேசிவழி நாமே உலகுக்குக் காட்டுகின்றோம். நாம் அடுத்துக் காணவேண்டியதை யந்திரம் தெரிந்து தருகின்றது. அதனை வசதியென்று மகிழ்கின்றோம். அடிமைத்தனம் துன்பமாக வருங்கால் எதிர்த்தல் எளிது. இன்பமாக வருங்கால் அதனை அடையாளங் காண்பதே அரிது. ஸம்யாதின் தம் வாழ்வையே விலையாகக் கொடுத்து நமக்கு உணர்த்தியது இதுவே. மாணாக்க நண்பர்காள், நூல்நிலையத்தில் இந்நவீனத்தைத் தேடிப் படிமின். பிறரொடு ஒவ்வாத ஐயம் உள்ளத்தெழுமாயின், அதனை நோயென்று அஞ்சாது போற்றுமின்.