டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர்

கம்பம் பள்ளத்தாக்கிலே பென்னிகுவிக் துரையின் பெயரறியாதார் அரியர். பெரியாற்றுக்கு அணைகோலி, மேற்கடலிற் சென்று வீணே கலந்த நீரை 1895-ஆம் ஆண்டில் நம் வயல்களுக்குத் திருப்பிய அப்பெரியாரின் உருவப்படம் அங்கே பல இல்லங்களில் விளங்குகின்றது. 1911-இல் மறைந்தவர் முகத்தை இன்றும் நாம் காண உதவுவது புகைப்படக் கலையன்றோ? அக்கலையைத் தமிழ்நாட்டிலே ஒரு பாடமாக்கி இளைஞர்க்குக் கற்பித்தவர் யாவர் என வினவின், விடைகூறுவார் மிகச் சிலரே. அவர்தாம் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர்.

ஹண்டர் 1816-இல் பிறந்தவர். மருத்துவம் பயின்று, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னைச் சேவையில் ரண வைத்தியராக அமர்ந்தவர். நோய் தீர்ப்பதோடு அவர் கடமை முடிந்திருக்கலாம். ஆயின் அவர் கண், நோயாளியின் நாடியோடு நில்லாது, அவன் கைத்தொழிலையும் நோக்கிற்று. இந்நாட்டு மண்ணும் கல்லும் நாரும் சாயமும் சிறந்தவை. இந்நாட்டார் விரல்களோ அவற்றினுஞ் சிறந்தவை. எனினும் படித்தவன் கையால் உழைக்க நாணினான்; உழைத்தவனுக்கோ படிப்பு எட்டவில்லை. இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்க்க ஹண்டர் துணிந்தார்.

1850-இல், அரசாங்கத்தின் கட்டளையை எதிர்பாராது, தம் சொந்த முயற்சியால் சென்னை பிராட்வேயில் ஒரு சித்திரப் பாடசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே தொழிற்பகுதியும் அதனோடு இணைந்தது. ஓர் அறையில் பென்சிலால் உருவந் தீட்டுதலும், மற்றோர் அறையில் மண்பாண்டம், ஓடு, செங்கல் முதலியன செய்தலும், பிறிதோரிடத்தில் அச்சுக்கெனச் செதுக்குதலும் நடந்தன. சில ஆண்டுகளுக்குள் அரசாங்கமே அப்பள்ளியை ஏற்றுக்கொண்டது. ஹண்டரோ 1868 வரை அதன் தலைவராயிருந்தார்.

நிற்க. அக்காலத்துப் புத்தம் புதிய விஞ்ஞானம் புகைப்படம். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளியுப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் காமிராவிலிட்டுப் படம் பிடித்து, உடனே இருட்டறையிற் கழுவுதல் வேண்டும். சென்னை வெயிலில் ஈரம் எத்துணை விரைவில் உலரும் என்பது சொல்லாமலே விளங்கும். இரசாயன அறிவும், கைவிரைவும், ஓவியனின் கண்ணும் ஒருங்கே வேண்டும் இவ்வித்தையை ஹண்டர் தம் பள்ளியிற் புகுத்தினார். 1856-இல் சென்னைப் புகைப்படச் சங்கத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். யந்திரம் வந்தால் ஓவியம் அழியும் என அஞ்சியோர் அந்நாளிலும் உளர். யந்திரத்தைப் பகையாகக் கருதாது பணியாளாக்குக என்பதே அவர் பள்ளி தந்த விடை.

அவ்விடை பொய்க்கவில்லை. அதே ஈரத்தகட்டு முறையைக் கொண்டே, 1878-இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பார், வரிசையாக நிறுத்திய 12 காமிராக்களால் ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். அசையாப் படங்களை அடுத்தடுத்துக் காட்டின் அசைவு பிறக்கும் என்னும் உண்மை அதனால் உறுதிப்பட்டது. சினிமாவும், இன்று கணினியில் இயக்கும் சித்திரங்களும் அவ்வழியில் வந்தவையே.

ஹண்டரிடம் குறையே இல்லை எனல் பொருந்தாது. ஐரோப்பியச் சிலைகளின் வார்ப்புக்களைப் பார்த்து வரையும் முறை அவர் பள்ளியில் வேரூன்றியிருந்தது. நம் கோயிற் சிற்பமும் உலோக வேலையும் மாணாக்கர்க்கு ஆசிரியராதல் வேண்டும் என வற்புறுத்தியவர் 1884-இல் அங்குத் தலைமையேற்ற ஹேவல். எனினும் ஹண்டர் இட்ட அடிப்படையின் மேலன்றோ ஹேவல் நின்று திருத்தினார்? 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌதுரி அப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார்.

ஹண்டர் 1890-இல் காலமானார். அவர் நட்ட விதை, சென்னையில் அரசு கவின்கலைக் கல்லூரியாய் இன்றும் நிழல் தருகின்றது. ஓவியம், சிற்பம், மட்பாண்டம் ஆகியவற்றோடு காட்சித் தொடர்பு வடிவமைப்பும் அங்கே கற்பிக்கப்படுகின்றது.

பென்னிகுவிக் நீருக்கு வழி வகுத்தார். ஹண்டர் திறமைக்கு வழி வகுத்தார். முன்னவரை நம் பள்ளத்தாக்கு மறவாதது போலவே, பின்னவரைக் கற்றோர் உலகம் மறவாதிருத்தல் வேண்டும். ஏடு பிடிக்கும் கையும் உளி பிடிக்கும் கையும் ஒரு கையே என நாம் கொள்வோமாயின், அதுவே அவருக்கு நாம் செய்யுங் கைம்மாறாம்.