மரத்தின் நாடி பார்த்த மேதை

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் ஆலயத்தின் தலவிருட்சம் மாமரம். அதன் நான்கு கிளைகளிலும் நான்கு வகைச் சுவையுள்ள கனிகள் பழுக்கும் என்பது ஐதீகம். சித்திரை வெயிலில் கல் தரையில் கால் வைக்க முடியாமல் பக்தர்கள் நிழலுக்கு ஓடுவார்கள். மரம் எங்கே ஓடும்? நின்ற இடத்திலேயே நின்று வெயிலைச் சமாளித்தாக வேண்டும்.

எப்படிச் சமாளிக்கிறது? இந்தக் கேள்வியை மரத்திடமே கேட்டு, கருவிகளின் மூலம் பதிலும் வாங்கியவர் ஜகதீச சந்திர போஸ்.

சம்பளத்தைத் தொடாத பேராசிரியர்

1858ஆம் ஆண்டு நவம்பர் 30ந் தேதி, இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் போஸ் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க அதிகாரி. ஆனாலும் மகனைத் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். மீனவர், ஏவலாளர் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து போஸ் படித்தார்.

வைத்தியம் படிக்க இங்கிலாந்து சென்றவரைக் காய்ச்சல் வாட்டியது. அதை விட்டுக் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் பயின்றார். 1885ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்று இருந்த காலம் அது. போஸ் வேலையைச் செய்தார், சம்பளத்தைத் தொடவில்லை. ஒரு மாதமா, இரண்டு மாதமா? மூன்று ஆண்டுகள்! 1887ல் அவர் மணந்த அபலா, சென்னையில் வைத்தியம் படித்து, உடல்நலக் குறைவால் பாதியில் நிறுத்தியவர். அந்தக் கஷ்டத்தில் அவரும் பங்கு கொண்டார். முடிவில் அரசாங்கமே இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பாக்கியுடன் கொடுத்தது. அந்தப் பணத்தில் தந்தையின் கடனைப் போஸ் அடைத்தார்.

வணங்கிய ஈச்சமரம்

கம்பியில்லா மின் அலைகளில் புகழ் பெற்ற போஸ், பிறகு தாவரங்களின் பக்கம் திரும்பினார். 1901ல் லண்டனில், அறிஞர்கள் முன்னிலையில், செடியும் தூண்டுதலுக்குப் பதில் தரும் என்று செய்து காட்டினார். எதிர்ப்பு கிளம்பியது. ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரையை அச்சிடாமல் ஒதுக்கி வைத்தது. அவர் சோர்ந்து விடவில்லை. வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்ற கருவியை அமைத்தார்.

பரீத்பூரில் புயலில் சாய்ந்த ஓர் ஈச்சமரம் இருந்தது. மாலையில் கோயில் மணி ஒலிக்கும் வேளையில் அது தலை தாழ்ந்திருக்கும். காலையில் நிமிர்ந்து நிற்கும். மக்கள் அதற்குக் காணிக்கை செலுத்தினர். போஸ் கருவியைப் பொருத்தி இரவு பகலாக அளந்தார். உஷ்ணம் ஏறினால் மரம் தாழ்கிறது. இறங்கினால் எழுகிறது என்று கண்டார்.

செடிகளுக்கு மெல்ல மெல்லச் சூடேற்றியும் பார்த்தார். ஏறக்குறைய 60 டிகிரி சென்டிகிரேடில் அவை ஒருமுறை துடித்து மாண்டன. களைத்த செடியோ அதற்கு முன்பே மடிந்தது.

வெந்நீரும் பட்டு நூலும்

அந்தத் துடிப்பின் உள்ளே நடப்பது என்ன என்பது போஸ் காலத்துக்குப் பிறகுதான் விளங்கியது. முட்டையின் வெள்ளைக்கரு உறையத் தொடங்கும் சூடும் ஏறக்குறைய அதுவேதான். இரண்டிலும் உருக்குலைவது புரதம்.

புரதத்துக்கும் சூட்டுக்கும் உள்ள உறவு காஞ்சிபுரத்தில் கைப்பழக்கம். பட்டு நூலும் புரதம். அதன் மேல் ஒட்டியிருக்கும் பசையும் புரதம். சோப்பு கலந்த வெந்நீரில் பசை கரைந்த பிறகே நூல் மென்மை பெறும்.

மரத்தின் ஒவ்வோர் உயிரணுவிலும் புரத இழைகள் ஒழுங்காக மடிந்து வேலை செய்கின்றன. சூடு மிஞ்சினால் மடிப்பு குலைந்து, சிக்கல் விழுந்த பாவு போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்போது மரம் காவல் புரதங்களை உண்டாக்குகிறது. சிக்கெடுக்கும் நெசவாளியின் விரல்களைப் போல, அவை குலைந்தவற்றைத் தாங்கி மறுபடி மடிக்கின்றன. இந்த ஏற்பாட்டின் முதல் அடையாளத்தை 1962ல் இத்தாலிய விஞ்ஞானி ரிட்டோசா கண்டது மரத்தில் அல்ல, பழ ஈயில். பின்னர் தாவரங்களிலும் அது தெரிய வந்தது.

நீர் வற்றினால் வேறொரு காவல். அப்சிசிக் அமிலம் சுரந்து இலைத் துளைகளை மூடுகிறது. டிஹைட்ரின் என்ற புரதங்கள் உலரும் உயிரணுவைக் காக்கின்றன. ஆனால் துளை மூடினால் உணவு தயாரிப்பும் குறையும், இலையும் குளிராது. வறட்சி நீடித்தால் காவலே பாரமாகிவிடும்.

ஒதுக்கி வைத்த ராயல் சொசைட்டியே 1920ல் போஸை உறுப்பினராக்கியது. அவர் சொன்ன எல்லாவற்றையும் பின்வந்தோர் ஏற்கவில்லை. வேரிலிருந்து நீர் ஏறுவதற்கு அவர் கூறிய விளக்கம் நிலைக்கவில்லை. மரம் மௌனமாக நிற்பதால் அது தூண்டுதலுக்குப் பதில் தருவதில்லை என்று கொள்ளலாகாது என்று காட்டியதோ நிலைத்துவிட்டது.

1917ல் தம் பிறந்த நாளன்று கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய போஸ், 1937 நவம்பர் 23ந் தேதி கிரிதியில் காலமானார். களைத்த செடி முந்தி மடியும் என்பது அவர் கண்ட உண்மை. இலை வாடிய பிறகு ஊற்றும் பத்துக் குடத்தைவிட, வாடுவதற்கு முன் ஊற்றும் ஒரு குடம் மேல்.