கதையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு: சி.வி.வேலுப்பிள்ளை

குறளி, சித்திரக்குள்ளன், ஜின், பூதம் என்று பாட்டிமார் சொல்லும் கதைகளில் சிற்றுருவினருக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் பெரும்பாலும் கதையின் ஓரத்திலேயே அமைந்துவிடுகிறது. விக்கிரமாதித்தன் அரசாள்வான், பொன்னரும் சங்கரும் போர் புரிவர். குள்ளன் வருவான், சிரிக்க வைப்பான், நாயகனுக்கு ஒரு வழியைக் காட்டிவிட்டு மறைவான். அவனுக்கென்று ஒரு வீடும் ஒரு துயரமும் இருக்கக்கூடும் என்று கதை கேட்போர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த வழக்கத்தை மாற்றியவர்களுள் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் முதன்மையானவர். 1937 இல் சிறுவர் நூலொன்றில் 'ஹொபிட்' எனும் குறுமனித இனத்தை அவர் அறிமுகம் செய்தார். 1954 இல் வெளிவரத் தொடங்கிய 'மோதிரங்களின் தலைவன்' எனும் பெருங்கதையில், உலகைக் காக்கும் பொறுப்பையே அவர்களின் தோளில் ஏற்றினார். அரசர்களும் வீரர்களும் சூழ்ந்திருக்க, தோட்டக்காரன் ஒருவனும் அவனுடைய எஜமானனும் அந்தச் சுமையைக் கடைசிவரை சுமந்து செல்கின்றனர். முதலாம் உலகப் போரின்போது 1916 இல் சொம் போர்க்களத்தில் சாதாரணச் சிப்பாய்களுடன் வாழ்ந்த அனுபவம் அவருக்கு இருந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

அதே 1954 ஆம் ஆண்டில் இலங்கையிலும் ஓர் ஆங்கில நூல் வெளியானது. அதிலும் சுமை சுமப்போரே கதையின் நடுவில் நின்றனர். ஆனால் அவர்கள் கற்பனை மாந்தர் அல்லர். அந்த நூல் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' எனும் நெடுங்கவிதை. அதனை எழுதியவர் மக்கள் கவிமணி சி.வி.வேலுப்பிள்ளை.

சி.வி. 1914 செப்டெம்பர் 14 ஆம் திகதி பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தார். அவர் லயன் அறையில் பிறந்தவரல்லர். ஓரளவு வசதி படைத்த கங்காணிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தோட்டத்து அதிகாரப் படிகளில் தொழிலாளிக்கு மேலே இருந்த ஓர் இல்லத்தின் பிள்ளை அவர். ஆகவே, பிற்காலத்தில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது பிறப்பு தந்த நிலையன்று, அவரே தெரிந்தெடுத்த நிலையாகும்.

கொழும்பு நாளந்தாவில் கல்வி கற்ற காலத்தில் ஆங்கில இலக்கியம் அவரை ஆட்கொண்டது. தாகூரின் செல்வாக்கும் ஆழமாகப் பதிந்தது. 1934 இல் தாகூர் இலங்கை வந்தபோது, இருபது வயதை எட்டிக்கொண்டிருந்த இந்த இளைஞர் தாம் எழுதிய இசை நாடகத்தை அவரிடம் காட்டினார். அந்த வழியிலேயே சென்றிருந்தால், கொழும்பு மேட்டுக்குடியினர் மெச்சும் ஓர் ஆங்கிலக் கவிஞராக அவர் அமைதியாக வாழ்ந்து மறைந்திருக்கலாம். அவரோ மலைக்குத் திரும்பினார். ஆசிரியப் பணியிலும் தொழிற்சங்கப் பணியிலும் ஈடுபட்டார்.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் போட்டியிட்டுத் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். அவரைத் தெரிவு செய்த மக்களின் குரல் மன்றத்தில் ஒலிக்கத் தொடங்கிய வேளையிலேயே அதனை அடக்கும் சட்டங்களும் வந்தன. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இந்தியச் சோனகர்களும் அதன் பிடியிலிருந்து தப்பவில்லை. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோனது. 1952 இல் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்தியும் பயன் கிட்டவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் தலவாக்கலை மக்கள் தமக்கென ஒருவரை அனுப்ப இயலாது போயினர்.

மலையக மக்கள் உருவத்தால் சிறியோர் அல்லர். செக்ரோலில் ஒரு பெயராகவும் வாக்காளர் இடாப்பில் ஒன்றுமில்லாதவராகவும் அவர்களைச் சட்டமும் கணக்கேடும் சேர்ந்து சிறியோராக்கின. பாராளுமன்றக் கதவு மூடப்பட்ட இரண்டாண்டுகளில் சி.வி.யின் நெடுங்கவிதை வெளிவந்ததை இந்தப் பின்னணியிலேயே நோக்க வேண்டும். விடிகாலைத் தப்பொலியுடன் அது தொடங்குகிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணும், மலையைக் காடாகக் கண்டு தோட்டமாக்கிய மூதாதையரும் அதில் வருகின்றனர். தேயிலைச் செடியின் அடியிலேயே புதையுண்ட அம்மூதாதையருக்கு ஒரு நினைவுச் சின்னமும் இல்லையே என்ற ஆதங்கம் அதன் உயிர்நாடி. அக்கவிதை சக்தீ பாலஐயாவின் மொழிபெயர்ப்பில் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழுக்கும் வந்தது.

பின்னர் 'போர்ன் டு லேபர்' என்ற நூலில் தோட்டத்து மாந்தர்களை ஒவ்வொருவராகச் சித்திரித்தார். தமிழில் 'வாழ்வற்ற வாழ்வு', 'வீடற்றவன்', 'இனிப் படமாட்டேன்' ஆகிய நாவல்களைத் தந்தார். இவையனைத்தினும் நிலைத்து நிற்கக்கூடியது அவருடைய நாட்டார் பாடல் தொகுப்புப் பணி எனலாம். தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியை எள்ளும் பாட்டும் எழுதி வைக்க ஆளின்றி அழியவிருந்த நிலையில், தோட்டம் தோட்டமாகச் சென்று அவற்றைத் திரட்டினார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அந்த உழைப்பின் பயனாகும். எழுதப்பட்ட வரலாறு இல்லாத மக்களுக்குப் பாட்டே வரலாறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மேலும் ஒன்றரை இலட்சம் பேரின் விதி பிற்பாடு பார்த்துக்கொள்வதற்கென ஒதுக்கி வைக்கப்பட்டது. மனிதர் எண்ணிக்கையாக மாறிய அக்காலத்திலும் தொழிற்சங்கத்திலும் எழுத்திலும் சி.வி. தொடர்ந்து இயங்கினார். 1984 நவம்பர் 19 ஆம் திகதி அவர் காலமானார். நாடற்றோர் பிரச்சினை முற்றாகத் தீர்வதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

டோல்கீனின் குறுமனிதர்களுக்குப் பின்னர் நேர்ந்தது ஒரு படிப்பினை. 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனை விளையாட்டு அவர்களை எடுத்துக்கொண்டது. உரிமை பற்றிய ஆட்சேபம் எழுந்ததும் 'ஹொபிட்' என்ற பெயரைக் கைவிட்டு, அரையாள் என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. உலகைக் காத்தவர்கள் அங்கு பெரும்பாலும் ஒளிந்து நடக்கவும் பூட்டுத் திறக்கவும் வல்ல துணையாள்களாகினர். இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் ஆடும் பல விளையாட்டுகள் அந்த வழிவந்தவை. மற்றவர் கைக்குப் போன கதையில் சிறியோர் மீண்டும் ஓரத்துக்கே தள்ளப்படுகின்றனர்.

அரையாள் என்ற சொல் மலையகத்தாருக்குப் புதிதல்ல. குறித்த அளவு கொழுந்து சேராத நாளில் 'அரைப்பேர்' விழும் அனுபவத்தைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள் அவர்கள். நாளேட்டிலும் திரையிலும் தேர்தல் மேடையிலும் கூடையேந்திய படமாக மட்டும் அவர்கள் தோன்றும்போது அங்கும் அரைப்பேர்தான் விழுகிறது.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நினைவு நடைபவனி இடம்பெற்றது. சி.வி. தம் கவிதையில் தேடிய நினைவுச் சின்னத்தின் ஒரு வடிவம் அது. ஆயினும் இன்றும் பல குடும்பங்கள் சொந்தக் காணியின்றி லயன் அறைகளிலேயே வாழ்கின்றன. அவர்களின் கதையைச் சொல்லும் சி.வி.யின் நூல்களோ எளிதில் கிடைப்பதில்லை. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் உள்ள பாடசாலை நூலகங்களில் ஹொபிட்டுகளுக்கு இடம் இருக்கட்டும், அதில் தவறில்லை. அவற்றின் பக்கத்திலேயே சி.வி.யின் நூல்களும் இருக்க வேண்டும். தம் பாட்டனும் பாட்டியும் ஒரு பெருங்கதையின் நாயகர்கள் என்பதை அங்குள்ள பிள்ளைகள் அப்போதுதான் வாசித்து அறிவார்கள்.