பனியன் கம்பெனி புழுக்கமும் 1905-ல் கண்டுபிடித்த 31 டிகிரியும்: யார் இந்த ஹால்டேன்?

முதலிபாளையம் சிட்கோ பக்கம் மே மாதத்தில் ஸ்டீம் அயர்னிங் டேபிளில் நிற்பவர்களுக்கு ஒரு விஷயம் நல்லாவே தெரியும். வெளியே வெயிலில் நடக்கும்போது வியர்வை உடனே காய்ந்துவிடும். உள்ளே அப்படியில்லை. சட்டை நனைந்து ஒட்டும், ஆனால் உடம்பு மட்டும் குளிராது.

இந்தப் புழுக்கம் எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து? சுமார் 120 வருஷத்துக்கு முன்பே இதற்கு எண் போட்டுச் சொன்னவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

காற்றைத் துரத்திய டாக்டர்

1860-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர் ஹால்டேன். 1884-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். ஆனால், கிளினிக் வைத்து உட்காரவில்லை. தொழிலாளிகள் சுவாசிக்கும் காற்று அவர்களை என்ன செய்கிறது என்பதே அவருடைய வாழ்நாள் கேள்வியானது.

நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் இறந்தவர்களை ஆராய்ந்தார். பெரும்பாலானோர் வெடிப்பில் சாகவில்லை, அதன்பிறகு பரவிய கார்பன் மோனாக்சைடு வாயுவால் செத்தார்கள் என்று 1896-ல் அறிக்கை கொடுத்தார். சுரங்கத்துக்குள் கேனரி குருவியைக் கொண்டுபோகும் யோசனையும் அவருடையதுதான். குருவி மயங்கினால் மனிதர்கள் உடனே வெளியேற வேண்டும்.

எந்தச் சோதனையையும் முதலில் தன் உடம்பிலேயே செய்து பார்ப்பது அவர் பழக்கம். மகனையும் விட்டுவைக்கவில்லை. அந்த மகன்தான் பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-ல் புவனேஸ்வரத்தில் இறந்த உயிரியல் விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன்.

அந்த 31 டிகிரி எப்படி வந்தது?

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் இருந்த தகரச் சுரங்கங்கள் ஆழமானவை, சூடானவை, ஈரமானவை. அங்கே தொழிலாளிகளின் உடல்நிலையை ஆராயப் போன ஹால்டேனின் கவனம் வெப்பத்தின் பக்கம் திரும்பியது.

நாம் வேலை செய்யும்போது தசைகள் செலவிடும் சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை ரத்தம் தோலுக்குக் கொண்டுவருகிறது. அங்கே வியர்வை ஆவியாகும்போது சூடு வெளியே போகிறது. வியர்வை சொட்டிக் கீழே விழுந்தால் பிரயோஜனம் இல்லை, அது ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடம் ஏது?

அதனால் சாதாரண தெர்மாமீட்டரை ஹால்டேன் நம்பவில்லை. அடிக்குமிழில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரைப் பார்த்தார். இது காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. 42 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், இது சுமார் 24 காட்டும். 36 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் சுமார் 31 காட்டும்!

1905-ல் அவர் முடிவுகளை வெளியிட்டார். காற்றோட்டமே இல்லாத இடத்தில் ஈரக்குமிழ் அளவு 31 டிகிரியைத் தாண்டினால், சட்டையில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே உடல் வெப்பம் ஏறத் தொடங்குகிறது. கடினமாக உழைப்பவருக்கு 25, 26 டிகிரியிலேயே தொடர்ந்து வேலை செய்வது சிரமம். காற்று வீசினால் இந்த எல்லை சில டிகிரி தள்ளிப்போகும். ஃபேன் எதற்கு என்பதற்கு இதுதான் கணக்கு.

மில் முதல் கோலார் வரை

ஜவுளித் தொழிலுக்கு இது அந்நியமான விஷயமில்லை. காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும். அதற்காக இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவு ஆலைகளில் நீராவியை உள்ளே விட்டார்கள். தொழிலாளர்கள் எதிர்த்ததால் ஈரப்பதத்துக்கு வரம்பு வைத்து 1889-லேயே சட்டம் வந்தது. நம்மூர் ஸ்பின்னிங் மில்களிலும் இன்றைக்கு ஈரப்பதம் ஏற்றும் ஏற்பாடு உண்டு.

தமிழ்த் தொழிலாளிகள் ஏராளமாக உழைத்த கோலார் தங்கவயலிலும் இதே கதைதான். 3 கிலோமீட்டருக்கும் கீழே போன அந்தச் சுரங்கத்தில், மயங்கி விழுந்தவர்கள் பற்றி 1940-களில் தனி மருத்துவ ஆய்வே நடந்தது.

வெறும் தண்ணீர் மட்டும் போதாது என்பதும் இந்தச் சுரங்க ஆய்வுகளில் தெரியவந்ததே. வியர்வையோடு உப்பும் போவதால்தான் தசைப்பிடிப்பு வருகிறது என்று 1920-களில் கண்டறிந்தார்கள்.

கடைசிப் பயணமும் வெப்பத்தைத் தேடித்தான்

75 வயதில் ஹால்டேன் ஈரான், ஈராக் பக்கம் போனார். எண்ணெய்த் தொழிலாளிகளுக்கு ஏன் வெப்பவாதம் வருகிறது என்று பார்க்கத்தான் அந்தப் பயணம். ஊர் திரும்பியதும் நிமோனியா தாக்கி, 1936 மார்ச்சில் ஆக்ஸ்போர்டில் இறந்தார்.

பிற்காலத்தில் மனிதன் தாங்கும் எல்லை ஈரக்குமிழ் அளவில் 35 டிகிரி என்று கணக்கு போட்டார்கள். ஆனால், 2022-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, புழுக்கமான சூழலில் கிடைத்த எல்லை கிட்டத்தட்ட 31 டிகிரி. ஹால்டேன் சொன்ன அதே எண்!

இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு தெர்மாமீட்டர், அதன் குமிழில் சுற்ற நனைத்த பருத்தித் துணி, எதிரே ஒரு ஃபேன் போதும். அயர்னிங் செக்‌ஷனில் அது 26-ஐத் தாண்டினாலே எக்ஸாஸ்ட் ஃபேன், அடிக்கடி ஓய்வு, உப்புப் போட்ட மோர் எல்லாம் அவசியம். 31-ஐ நெருங்கினால் பீஸ் ரேட் கணக்கைப் பார்க்காமல் வேலையை நிறுத்த வேண்டும். யாராவது உளறினாலோ, தள்ளாடினாலோ அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே உடம்பை நனைத்து விசிறியபடியே 108-க்கு போன் பண்ணுங்கள்.