கோழிகள் கற்றுக்கொடுத்த பாடம்: லூயி பாஸ்டரும் வெள்ளைக் கழிச்சலும்

கொல்லையில் பத்துக் கோழி வளர்ப்பவருக்கும் வெள்ளைக் கழிச்சல் என்றாலே பயம்தான். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக விழும். சில நாட்களில் கூண்டே காலியாகிவிடும். வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுக் காசும் அதோடு போய்விடும். ராணிக்கெட் எனப்படும் இந்த நச்சுயிரி நோய்க்கு நாம் இன்று போடும் தடுப்பு மருந்துக்கு வழிகாட்டியவர் லூயி பாஸ்டர். அந்த வழியை அவர் கோழிகளை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

பாஸ்டர் 1822 டிசம்பர் 27இல் பிரான்சின் டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தோல் பதனிடும் தொழிலாளி. பாஸ்டர் படித்தது வேதியியல். மருத்துவரோ கால்நடை மருத்துவரோ அல்ல. ஆனால் தொற்றுநோயின் கொடுமையை வீட்டிலேயே பார்த்தவர். ஐந்து பிள்ளைகளில் மூவரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தார்.

1865இல் பட்டுப்புழு நோயால் நொடித்துப்போன விவசாயிகளுக்கு உதவ பிரான்சின் தெற்குப் பகுதிக்குப் போனார். தாய் அந்துப்பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்து, நோய் இருந்தால் அதன் முட்டைகளை ஒதுக்கச் சொன்னார். நல்லதையும் நோயுற்றதையும் கலக்காமல் பிரிப்பதுதான் அவர் காட்டிய முறை. அந்த வேலைக்கு நடுவே, 1868இல், பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. அதன் பிறகும் ஆய்வை விடவில்லை.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது கோழிக் காலரா. இது பாக்டீரியாவால் வருவது, வெள்ளைக் கழிச்சல் வேறு. ஆனாலும் பரவும் விதத்தில் இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு. நோய்க் கோழியின் எச்சம் பட்ட தீனி வழியாகக் கிருமி மற்றவற்றுக்குப் போவதை பாஸ்டர் கண்டார். இதே கிருமியைக் கினிப்பன்றி என்ற சிறு பிராணிக்குச் செலுத்தியபோது அதற்கு ஒரு சீழ்க்கட்டி மட்டுமே வந்தது. அது நன்றாகத் தின்று திரிந்தது. ஆனால் அந்தச் சீழ் பட்ட கோழிகள் செத்தன. சந்தையில் வாங்கும் கோழி பார்க்கத் தெம்பாக இருக்கிறதே என்று நீங்கள் நேராகக் கூட்டத்தில் விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். இரண்டு வாரமாவது தனியே கட்டி வையுங்கள்.

பாஸ்டர் அந்தக் கிருமியைக் கோழிச்சாற்றில் வளர்த்தார். 1879இல், அவரும் உதவியாளர் எமில் ரூவும், நெடுநாள் காற்றுப்பட்டுப் பழையதான கிருமியைக் கோழிகளுக்குச் செலுத்தினார்கள். அவை சற்றே வாடித் தேறிவிட்டன. பிறகு வீரியமுள்ள புதுக் கிருமியைச் செலுத்தியும் அவை சாகவில்லை. பழைய கிருமி செலுத்தப்படாத கோழிகள் செத்தன. வீரியம் குறைந்த கிருமி உடலைத் தயார்படுத்திவிடுகிறது என்பது புரிந்தது. 1880இல் இதை வெளியிட்டார். மறு ஆண்டே ஆடு மாடுகளுக்கு அடைப்பான் தடுப்பூசி போட்டு, விவசாயிகள் முன்னிலையில் நிரூபித்துக் காட்டினார்.

1885இல் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார். அந்த நச்சுயிரி அவரது நுண்ணோக்கியில் தெரியவே இல்லை. இருந்தும் மருந்து பலித்தது. 1888இல் பாரிசில் அவர் பெயரில் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. 1895 செப்டம்பர் 28இல் காலமானார். நம் குன்னூரில் வெறிநாய்க்கடிக்கு மருந்து தர 1907இல் தொடங்கிய நிறுவனமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வெறிநோய் உடலில் மெதுவாக ஏறுவதால் கடித்த பிறகு ஊசி போட நேரம் இருக்கிறது. வெள்ளைக் கழிச்சல் அப்படி அல்ல. தொற்றிய சில நாட்களிலேயே கோழி விழுந்துவிடும். தடுப்பு மருந்து போட்டும் உடல் தயாராக ஒன்றிரண்டு வாரம் ஆகும். எனவே பக்கத்துத் தெருவில் கோழி சாகத் தொடங்கிய பிறகு ஓடுவதில் பயன் குறைவு. நோய் வந்த கோழிக்கு அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் நச்சுயிரியைக் கொல்லாது.

குஞ்சு பொரித்த 7ஆம் நாள் எஃப்-1 அல்லது லசோட்டா மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுங்கள். நாலாவது வாரத்தில் லசோட்டாவைக் குடிநீரில் கொடுங்கள். எட்டாவது வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி போடச் செய்யுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இலவச முகாம்களைத் தவற விடாதீர்கள். அடுத்து எப்போது போடுவது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மருந்தில் இருப்பதும் பாஸ்டர் காட்டியதுபோல் வீரியம் குறைந்த, உயிருள்ள கிருமிதான். வெயிலில் வைத்தால் அது செத்துவிடும், பிறகு போட்டும் போடாத கதைதான். ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கி வாருங்கள். கலக்கிய மருந்தை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தெம்பாக இருக்கும் கோழிக்கு மட்டும் போடுங்கள்.

நோய் வந்துவிட்டால் வாடிய கோழியைத் தனியே பிரியுங்கள். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டுப் பிறகு நோய்க் கோழியிடம் போங்கள். செத்ததைக் குப்பையிலோ வாய்க்காலிலோ வீசாமல், ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நோய்க் கோழியை வந்த விலைக்கு விற்றால் நோய் அடுத்த ஊருக்குப் போகும். அங்கிருந்து ஒரு நாள் சந்தை வழியாக உங்கள் கொல்லைக்கே திரும்பி வரும்.